மறந்த கட்டியும் மறவாத தாயும்

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நாம் ஒவ்வொருவரும் இரண்டு ஊர்களில் வாழ்கிறோம். குடியிருப்பது தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ. வேர் இருப்பது சொந்த ஊரில். இந்த இரட்டை வாழ்க்கையால் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு துன்பத்தைப் பிறருக்குப் பயன்படும் என்று எண்ணியே எழுதத் துணிகிறோம்.

எங்கள் தம்பி தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தவன். 2009 இல், அவனுடைய 24 ஆவது வயதில், தொடையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி கண்டது. வலி இல்லை, ஆகவே கவலையும் இல்லை. அது பெருத்து வருவதைக் கண்ட எங்கள் அன்னையார்தாம் அவனைப் பரேலில் உள்ள டாட்டா நினைவு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். 1941 இல் திறக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் நம் தேசத்து மொழிகள் பலவற்றையும் கேட்கலாம். துன்பம் மட்டும் ஒரே மொழி.

சதையைச் சோதித்து, 'அல்வியோலார் சாஃப்ட் பார்ட் சார்கோமா' என்றார்கள். தசை, கொழுப்பு முதலிய மென்மையான திசுக்களில் தோன்றும் புற்றுநோய்களே அரியவை. அவற்றிலும் இது நூற்றுக்கு ஒன்று தேறுவது அரிது. பெரும்பாலும் இளவயதினரையே பற்றுவது. 1952 இல்தான் நியூயார்க் வைத்தியர் மூவர் இதனைத் தனி நோயென்று இனங்கண்டு பெயரிட்டனர்.

கட்டியை அறுத்தெடுத்த வைத்தியர், "பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் இந்நோய் நுரையீரலில் தலைகாட்டக் கூடும். மார்பைப் படம் எடுத்துப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்" என்று எச்சரித்தார். ஐந்து ஆண்டுகள் தவறாமல் சென்றோம். பின்னர்த் தம்பி மணம் முடித்து, நெல்லைச் சீமைக்குத் திரும்பிக் கடை வைத்தான். நாங்களும் கட்டியை மறந்தோம்.

2022 இல் அவனுக்கு இருமல் கண்டது. படத்தில் வட்ட வட்டமாக நிழல்கள். அங்குள்ள வைத்தியர் காசநோய் என்று கருதி மருந்து கொடுத்தார். சளியில் கிருமி இல்லை, இருமலும் நிற்கவில்லை. அவரைக் குறை கூறோம். பழைய கதையை அவரிடம் சொன்னவர் யார்?

ஒருநாள் தொலைபேசியில் அன்னையார் கேட்டார்:

"ஏலே, தொடையிலே கட்டி எடுத்தோமே, அதை டாக்டர்கிட்டே சொன்னியா?"

"அது பதிமூணு வருஷத்துக் கதை அம்மா. அதுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. கைகால்களிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தை அடைந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. கட்டியிலிருந்து நழுவிய அணுக்கள் அங்குள்ள நுண்ணிய குழாய்களில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து, பிறகு வளர்வதுண்டு.

மூன்று முறை வீடு மாறியும் அன்னையார் ஒரு மஞ்சள் பையைக் கைவிடவில்லை. அதில் 2009 ஆம் ஆண்டின் சோதனைத் தாள் இருந்தது. தம்பி ரயிலேறி வந்தான். நுரையீரலிலிருந்து எடுத்த துணுக்கைச் சோதித்தபோது, அதே நோய் என்று தெளிந்தது.

நிழல் ஒன்றிரண்டாக இருந்தபோதே கண்டிருந்தால் ஒருவேளை அறுத்தெடுத்திருக்கலாம். இப்போது பல இடங்களில் பரவிவிட்டதால், கட்டிக்கு இரத்தக் குழாய்கள் வளராமல் தடுக்கும் மாத்திரைகளை உட்கொண்டு வருகிறான். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் 'அட்டெசோலிசுமாப்' என்ற மருந்தையும் இந்நோய்க்கென அமெரிக்க அரசு 2022 டிசம்பரில் அனுமதித்துள்ளது. நோய் நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை; மெல்ல வளரும் நோய் என்பதே ஆறுதல். அவன் கடைக்குப் போய் வருகிறான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதைக் காணும்போதெல்லாம் நாங்கள் போகாமல் விட்ட ஆண்டுகள் நெஞ்சை அறுக்கின்றன.

அன்பர்களே, வீடு மாறும்போது பாத்திரபண்டங்களை எண்ணுகிறோம். வைத்தியத் தாள்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். எந்த ஊர் வைத்தியரிடம் சென்றாலும், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும், முன்பு எடுத்த கட்டியைப் பற்றி முதலில் சொல்லுங்கள். வருமாறு சொன்ன நாளில் தவறாமல் செல்லுங்கள். நாங்கள் மறந்ததை ஒரு தாய் மறக்கவில்லை. எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது.