இறாலின் ஓடும் வன்னியின் ஓட்டமும்

வன்னிக்கு வருவோருட் பெரும்பாலார் அதனைப் பேருந்தின் யன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். ஏ-9 பெருவீதியில் வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்ப்பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும். பாலையும் முதிரையும் நிற்கும் காடும், இடையிடையே வயல்வெளியும் பின்னோக்கி ஓடும். ஆனையிறவு உப்பளத்தின் வெண்மை தெரிந்ததும் வன்னி முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வர். இந்நிலத்தை உள்ளபடி காண விரும்புவோர் தை, மாசி மாதங்களில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு இவ்வீதியின் ஓரத்தில் நின்று பார்த்தல் வேண்டும். பனிப்புகாரினூடே பாடசாலைப் பிள்ளைகள் ஓடி வருவர். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குரிய காலம் அது. சிலர் காலிற் சப்பாத்து இருக்கும். பலர் வெறுங்காலுடன் ஓடுவர். மாரி மழை ஓய்ந்து நிலம் இறுகத் தொடங்கியிருக்கும். ஆண்டின் பெரும்பகுதியை வாங்கிலிருந்து கழித்த கால்களோ ஒரே மாதத்தில் குதிரையின் கால்களாக வேண்டும். மாசி முடியுமுன் முழங்காலையும் கணுக்காலையும் தடவிக்கொண்டு திண்ணையில் இருக்கும் பிள்ளைகளைப் பல வீடுகளிற் காணலாம்.

ஓடுபவர் பிள்ளைகள் மட்டுமல்லர். ஐம்பது வயதைக் கடந்த யானும் நாள்தோறும் சிறிது தூரம் ஓடுபவன். என் வலது முழங்காலில் இரண்டு ஆண்டுகளாக ஓர் உளைவு குடியிருக்கிறது. கனடாவிலிருக்கும் மைத்துனர் இதனைக் கேள்வியுற்று, பெரிய போத்தல் ஒன்றை அனுப்பி வைத்தார். நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் குளுக்கோசமின், 1200 மில்லிகிராம் கொண்ட்ரொயிற்றின் என்று அதன் முகப்பில் எழுதியிருந்தது. மூட்டுகளுக்கு 'உதவும்' என்பதற்கு மேல் அந்த எழுத்து எதனையும் உறுதி கூறவில்லை. கடல் கடந்த உறவினர் உள்ள வீடுகளிற் சாக்கலேற்று, சவர்க்காரம், தைலம் ஆகியவற்றோடு இத்தகைய போத்தலும் வந்து சேர்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. கடந்த வைகாசியில் உறவினர் வீட்டுத் திருமணத்தை முன்னிட்டு வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை பயணஞ் செய்தபோது அப்போத்தலும் என் பைக்குள் வந்தது. போகும் இடமெல்லாம் மூட்டு நோவைப் பற்றியே கதைக்கும்படி நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

வவுனியாவில் மருந்துக்கடை ஒன்றின் முன் அரைமணி நேரம் நிற்க நேர்ந்தது. வந்தவர்களுட் பலர் வைத்தியரின் துண்டு எதுவுமின்றி நோவுக் குளிசை கேட்டனர். "கால் உளைவுக்கு நாலு தாங்கோ" என்றார் வயலிலிருந்து நேரே வந்தவர் போலத் தோன்றிய ஒருவர். டைக்ளோபினாக் போன்ற இக்குளிசைகள் நோவை விரைவில் ஆற்றுவன என்பதில் ஐயமில்லை. ஆனால், வெயிலில் நீர் வற்றிய உடம்பில் இவற்றைத் தொடர்ந்து உட்கொண்டால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, அவ்வுறுப்புப் பழுதடையக்கூடும். காரணம் இன்னதென்று முற்றாகத் தெளியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் உழவர்களை வாட்டி வருகிறது. மதவாச்சி, பதவியா ஆகிய பகுதிகளை அடுத்துள்ள வவுனியா மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. இத்தகைய மண்ணில், ஓடி வியர்த்த உடம்போடு நோவுக் குளிசையை விழுங்கிவிட்டு மறுநாளும் ஓடுவது எத்துணை ஆபத்தானது என்பதை மாணவ வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நோவு என்பது காவற்காரனின் சத்தம். அவனை உறங்க வைத்துவிட்டு வீட்டைத் திறந்து வைப்பது போன்றது இது.

கிளிநொச்சியில் இறங்கி இரணைமடுவுக்குச் சென்றேன். 1902இற் கட்டத் தொடங்கப்பெற்ற இக்குளம் கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கி வைப்பது. வடமாகாணத்துக் குளங்களுள் இதுவே பெரியது. அணைக்கட்டின்மேல் விடியற்காலையில் நடந்தால் ஒருபுறம் கடல் போன்ற நீர்ப்பரப்பு. மறுபுறம் சிறுபோக வயல்களுக்கு ஓடும் வாய்க்கால்கள். ஓடுவதற்கு இதனினும் நல்ல இடம் வன்னியில் வேறில்லை என்பது என் எண்ணம்.

அங்கேதான் ஒரு தந்தையையும் மகனையும் சந்தித்தேன். மகன் உயர்தர வகுப்பு மாணவன்; 1500 மீற்றர் ஓடுபவன். மாசியில் தொடங்கிய முழங்கால் நோ வைகாசியிலும் அவனை விடவில்லை. மாகாணப் போட்டிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த போத்தலைக் கண்டதும் தந்தையார் வினவினார்:

"ஐயா, உந்தக் குளிசை உங்களுக்குச் சுகம் தந்ததோ? ரவுணிலையும் இருக்குதெண்டு சொல்லுகினம். மிச்சமிருக்கிற நெல்லிலை இரண்டு மூட்டையை வித்தெண்டாலும் வாங்கிக் குடுப்பம் எண்டு பாக்கிறன்."

அவர் கேட்டது சிறிய கேள்வியன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை ஏறியதையும், அதன்பின் இறக்குமதிப் பண்டங்களின் விலை எங்கே போயிற்று என்பதையும் யாவரும் அறிவர். மூட்டுக் குளிசையை ஒரு மாதம் விழுங்கிவிட்டு நிறுத்துவார் இல்லை. பல மாதம் விழுங்கவேண்டும் என்றே சொல்லுகிறார்கள். இரண்டு மூட்டை நெல் அத்தோடு நின்றுவிடாது.

அணைக்கட்டின் கல்லில் அமர்ந்து நான் அறிந்ததைக் கூறினேன். இக்குளிசையைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. முழங்கால் மூட்டுத் தேய்வினால் வருந்திய 1583 பேரை ஐந்து கூட்டமாகப் பிரித்து, 24 வாரம் வெவ்வேறு குளிசை கொடுத்தனர். ஒரு கூட்டத்தாருக்கு மருந்தே இல்லாத போலிக் குளிசை. எவர் எதனை உண்கிறார் என்பதை அவரும் அறியார். போலிக் குளிசை உண்டவர்களில் நூற்றுக்கு 60 பேர் நோவு கணிசமாகக் குறைந்தது என்றனர். குளுக்கோசமினும் கொண்ட்ரொயிற்றினும் சேர்த்து உண்டவர்களில் ஏறத்தாழ 67 பேர் அவ்வாறு கூறினர். இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடியதே என்பது கணிதத்தின் தீர்ப்பு. கடும் நோவுடைய சிறு பிரிவினருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து பயன்பட்டதுபோற் காணப்பட்டது. அதனையும் மேலும் ஆராயவேண்டும் என்றே ஆராய்ச்சியாளர் எழுதினர். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கம், முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு இவற்றைக் கொடுக்கவேண்டாம் என்றும், உடற்பயிற்சியையே வற்புறுத்த வேண்டும் என்றும் வழிகாட்டியது.

தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப வெறும் மாக் குளிசை குடிச்ச ஆக்களிலையும் நூறுக்கு அறுபது பேருக்குச் சுகம் வந்ததோ?" என்றார். வன்னி உழவரின் கணக்கு எப்போதும் இப்படித்தான். வேண்டிய இடத்திற் போய் நிற்கும்.

அவ்வாராய்ச்சியில் இருந்தவர்கள் வயது முதிர்ந்தோர். அவர்களுக்குத் தேய்ந்தது எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையம். பதினெட்டு வயது ஓட்டக்காரனின் நோவு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இப்பையன் விரலால் தொட்டுக் காட்டிய இடம் முழங்காற் சிரட்டைக்குக் கீழே, சிரட்டையையும் கணைக்கால் எலும்பையும் பிணைக்கும் தசைநாரில். வைத்தியசாலையிலும் அவ்வாறே கூறியிருந்தனர். கசியிழையத்துக்கென்று விற்கப்படும் குளிசை, தசைநாரின் நோவுக்கு எவ்வாறு வழி கண்டு போகும்? கூரை ஒழுகும்போது கிணற்றை இறைக்கும் கதைதான்.

தசைநாருக்குரிய வைத்தியம் சுமையைக் குறைத்து, பின் சிறிது சிறிதாகக் கூட்டுவது. 1998ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வைத்தியர் அல்பிரட்சன், குதிக்கால் நாரில் நெடுநாள் நோவுற்ற பதினைந்து ஓட்டக்காரருக்கு ஓர் எளிய பயிற்சி கொடுத்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிக்காலை மெதுவாகக் கீழே இறக்குவது. காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினர். முழங்கால் நாருக்கும் இவ்வினத்துப் பயிற்சிகள் உண்டு. பையனின் விளையாட்டு ஆசிரியரும் அவற்றைக் காட்டிக் கொடுத்திருந்தார். குளத்துத் துருசுப் படிகளே அவனுக்குப் பயிற்சிக்கூடம். ஆனால், அவ்வாண்டு மாகாணப் போட்டிக்குள் அது குணமாகாது என்பதையும் ஆசிரியர் ஒளிக்காமற் சொல்லியிருந்தார். அதைத்தான் அவனாற் பொறுக்க முடியவில்லை. படியை விட்டுப் போத்தலை அவன் நாடியது அதனாலேயே. பரீட்சைக்கும் போட்டிக்கும் இடையில் நிற்கும் பிள்ளைக்கு "அடுத்த ஆண்டு ஓடலாம்" என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஆண்டு அவன் பாடசாலையிலேயே இருக்கமாட்டான்.

என் முழங்காலைப் பற்றியும் கேட்டார்கள். இரண்டு மாதம் விழுங்கிய பின் உளைவு சற்றுக் குறைந்தது உண்மை. அதே இரண்டு மாதத்தில் ஓடும் தூரத்தைப் பாதியாக்கி, நானும் படியேறி இறங்கினேன் என்பதும் உண்மை. குளிசைக்கோ படிக்கோ எதற்கு நன்றி சொல்வது என்று என் முழங்கால் இன்னும் தீர்ப்புக் கூறவில்லை.

மறுநாள் பரந்தன் சந்தியிற் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு வீதியிற் சென்றேன். பரந்தனில் 1950களில் அரசாங்கம் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றை நிறுவி எரிசோடாவும் குளோரினும் செய்வித்தது; போர்க்காலத்தில் அது நின்றுபோயிற்று. அதன் சிதைவைக் கடக்கும்போது எனக்கு வேறொரு நினைவு வந்தது. குளுக்கோசமினை 1876ஆம் ஆண்டில் முதன்முதற் கண்டவர் லெடர்ஹோசு என்னும் ஜெர்மானியர். சிங்க இறாலின் ஓட்டை ஐதரோகுளோரிக் அமிலத்திற் காய்ச்சியபோது அது கிடைத்தது. இன்றும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டை அமிலத்திலும் எரிசோடாவிலும் இட்டுக் கைற்றின் என்னும் பொருளைப் பிரித்து, அதிலிருந்தே பெரும்பாலும் இதனைச் செய்கின்றனர். விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் கடந்து வட்டுவாகற் பாலத்துக்கு வந்தால் நந்திக்கடல். 2009ஆம் ஆண்டின் துயரத்தைச் சுமந்த இந்நீரிலேதான் இன்றும் வீச்சுவலை வீசி இறால் பிடிக்கின்றனர். சதையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் குப்பையில் எறியும் அந்த ஓட்டின் இனந்தான், எங்கோ ஒரு நாட்டில் அமிலத்தில் வெந்து, போத்தலில் அடைபட்டு, விமானம் ஏறி என் பைக்குள் வந்திருக்கிறது!

கொண்ட்ரொயிற்றின் வரும் வழியையும் சைவக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று. மாட்டின் மூச்சுக்குழாய்க் கசியிழையமும் சுறாவின் கசியிழையமும் அதன் பிறப்பிடங்கள். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத மாமி ஒருவர் காலையும் மாலையும் அதனைப் பயபக்தியோடு விழுங்குவதை நான் கண்டிருக்கிறேன். யான் வாய் திறக்கவில்லை. ஆயினும், இறால், நண்டு ஒவ்வாதவரும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாமற் குளுக்கோசமினைத் தொடுதலாகாது. தேசியப் போட்டிக்குச் செல்லும் வீரருக்கு இன்னோர் எச்சரிக்கை: முகப்பிற் காணாத ஊக்கமருந்து சில சத்துக் குளிசைகளிற் கலந்திருப்பதுண்டு, "எனக்குத் தெரியாது" என்பது சோதனையில் விடையாகாது.

முல்லைத்தீவிலிருந்து முள்ளியவளைக்குப் போகும் வழியில் வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் கண்ணகியம்மன் கோயிலின் முன்றிலில் கூட்டம் திரளத் தொடங்கியிருந்தது. திருமண வீட்டில் என் முழங்காலுக்கு முடக்கொத்தான் இரசமும் நொச்சியிலை ஒத்தடமும் கிடைத்தன. முடக்கொத்தானுக்கும் 1583 பேரைக் கொண்டு எவரும் சான்று காட்டவில்லை. ஆனால் அது வேலியிற் படர்ந்து கிடப்பது, நெல் விற்கவேண்டியதில்லை. ஒத்தடம் கொடுப்பவர் பக்கத்தில் அமர்ந்து அரைமணி நேரம் கதைக்கவும் செய்கிறார்.

ஓடினால் மூட்டுத் தேயும் என்று அங்கே பெரியவர்கள் சிலர் எனக்குப் புத்தி கூறினர். 2017ஆம் ஆண்டில் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பொழுதுபோக்காக ஓடுவோரில் நூற்றுக்கு 3.5 பேருக்கும், ஓடாதிருப்போரில் 10.2 பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருப்பதாகக் கண்டனர். போட்டிக்கென்றே கடுமையாக ஓடுவோரில் மட்டும் அது 13.3. இக்கணக்கை நான் சொல்லவேண்டிய தேவை முள்ளியவளையில் இல்லை. அவ்வூரைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023ஆம் ஆண்டில், தம் 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் பெயரை மணமகளின் பேத்தியார் ஒருவர் எடுத்ததும் புத்தி கூறியவர்கள் பேச்சை மாற்றிவிட்டனர்.

மாலையில் வற்றாப்பளைக்கு மீண்டும் போனேன். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் சிலர் மரநிழலில் இளைப்பாறினர். அவர்களுள் எழுபது வயது மதிக்கத்தக்க ஆச்சி ஒருவர், சீலைத் தலைப்பால் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். செருப்பில்லை. "முழங்கால் நோகாதோ ஆச்சி?" என்றேன்.

"முதல் நாலைஞ்சு நாளும் நோகும் மோனை. அதாலை முதலிலை கொஞ்சத் தூரந்தான் நடப்பம். பேந்துதான் கூட்டிறது" என்றவர், என் கையிலிருந்த போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி இறுக்கமானது, மிளகாய்த்தூள் போட்டுவைக்க நல்லது என்று சொல்லித் திருப்பித் தந்தார்.