மேல்மாடிக்கு வராத வெப்பம்

தில்லித் தமிழர்க்குக் குளிர் புதிதன்று. சனவரி விடியலில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, சிவந்து கனலும் ஹீட்டரின் எதிரே கைகளை நீட்டி அமர்ந்த அனுபவம் இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றிற்கும் இருக்கும். அந்த ஹீட்டரில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. எரியவில்லையென்றால் கம்பிச்சுருள் அறுந்திருக்கும். இல்லையேல் மின்சாரம் போயிருக்கும். கட்டளை ஓரிடத்திலும் வெப்பம் வேறோரிடத்திலும் பிறக்கின்ற ஏற்பாட்டை, இங்கிலாந்தின் வடபகுதியில் எங்கள் மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியபோதுதான் நாங்கள் அறிந்தோம்.

பேத்தி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. தாயும் சேயும் மேல்மாடியில் இருந்தனர். கீழ்க்கூடம் வெதுவெதுப்பாக இருக்க, மேலே தொட்டிலருகே வைத்த வெப்பமானி 14 டிகிரி காட்டிற்று. குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரியாவது இருத்தல் நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் அதனினும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் அது கூறுகிறது. குழந்தையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்தபடியே மருமகள் இரவைக் கழித்தாள்.

அவ்வீட்டில் சமையலறைப் பாய்லர் எரிவாயுவால் நீரைச் சூடாக்க, பம்பு அந்நீரைக் குழாய் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குச் செலுத்தும். மேல்மாடி ஒரு மண்டலம், கீழ்த்தளம் ஒரு மண்டலம். ஒவ்வொன்றிற்கும் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட், குழாயில் ஒரு மோட்டார் வால்வு. குளிரை உணர்ந்த தெர்மோஸ்டாட் தன் வால்விற்கு மின்சாரம் அனுப்பும். சிறு மோட்டார் சுழன்று வால்வைத் திறக்கும். முற்றும் திறந்த பின்னரே உள்ளிருக்கும் சிறு சுவிட்சு அழுந்தி, பாய்லரையும் பம்பையும் எழுப்பும். வேண்டிய சூடு வந்ததும் மின்சாரம் நிற்க, வில்கம்பி வால்வை மூடிவிடும். தெர்மோஸ்டாட் தானாக எதையும் சூடாக்குவதில்லை. அது செய்தி சொல்லும் தூதன். அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்னும் ஆசிரியர் 1883-இல் காப்புரிமை பெற்ற கருவியும் அத்தகையதே. வகுப்பறையின் வெப்பநிலை மாறியதைக் கீழே உலையைக் கவனிக்கும் பணியாளருக்கு அது மணியடித்துத் தெரிவித்தது.

வந்தவர்களெல்லாம் மேல்மாடித் தெர்மோஸ்டாட்டை 28-இல் வைக்கச் சொன்னார்கள். அடுப்பின் திருகைப் போல அதைக் கருதுவதால் வரும் யோசனை இது. 20-இல் வைத்தாலும் 28-இல் வைத்தாலும் சூடு ஏறும் வேகம் ஒன்றே; நிற்கும் இடம்தான் வேறு. முதலில் வந்து பார்த்த பணியாளரோ, பாய்லரையே மாற்றவேண்டும் என்று பெருந்தொகை ஒன்றை எழுதிக் கொடுத்துச் சென்றார்.

“கீழே நன்றாகத்தானே காய்கிறது? அடுப்பு கெட்டிருந்தால் இரண்டு இடமும் அல்லவா குளிர்ந்திருக்கும்?” என்றார் எங்கள் இல்லத்தரசியார். அக்கேள்விதான் வழி காட்டிற்று. கீழ்த் தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டு, மேலுள்ளதை மட்டும் உயர்த்திக் காத்திருந்தோம். ‘டக்’ என்ற ஒலி கேட்டது, பாய்லர் எழவில்லை. மாடிப்படி அலமாரியில் வால்வின் பக்கத்திலுள்ள நெம்பினை மகன் தொட்டுப் பார்த்தான். மோட்டார் திறந்திருந்தால் அது தளர்ந்து ஆடும். இங்கோ வில்கம்பியின் எதிர்ப்பு விரலுக்குத் தெரிந்தது. செய்தி புறப்பட்டும் வால்வு திறக்கவில்லை.

நெம்பினைத் தள்ளிக் கொக்கியில் மாட்டிவைத்தோம். கையால் திறந்தால் உட்சுவிட்சு அழுந்தாதாகையால், பாய்லரை எழுப்பக் கீழ்த் தெர்மோஸ்டாட்டையும் உயர்த்தவேண்டியிருந்தது. கீழே நாங்கள் சால்வையைக் களைந்து அமரும்படி ஆயிற்று! ஆனால் நள்ளிரவில் தொட்டிலருகே 19 டிகிரி இருந்தது. மருமகள் அன்று படுத்து உறங்கினாள்.

மூடியைக் கழற்ற மகனை நாங்கள் விடவில்லை. உள்ளே ஓடுவது 230 வோல்ட்டு. எரிவாயுப் பணியோ, அந்நாட்டில் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ளவர்க்கே உரியது. மறுநாள் வந்த மின்பணியாளர் அளந்து பார்த்தார். மோட்டார் வரை மின்சாரம் வந்தது, மோட்டார்தான் எரிந்துபோயிருந்தது. குழாயிலிருந்து நீரை வடிக்காமலே புதிய மோட்டாரைப் பொருத்தினார். பாய்லருக்குக் குறித்த தொகையில் அது மிகச் சிறு பங்கு.

போகுமுன் அவர் கூடத்தையும் ஒருமுறை பார்த்தார். கீழ்த் தெர்மோஸ்டாட் சமையலறைக் கதவையொட்டி இருந்தது. தோசைக்கல் காயும் நேரமெல்லாம் வீடு முழுதும் சூடாகிவிட்டதென்று அது ஏமாந்துகொண்டிருந்ததாம். அதை உட்சுவருக்கு மாற்றச் சொன்னார். கூடத்து ரேடியேட்டரின் தனித் திருகையும் முழுக்கத் திறந்து வைத்தார். அது முந்திக்கொண்டு மூடினால், சுவர்க் கருவி சூடு போதவில்லையென்று பாய்லரை ஓயாமல் எரிக்குமாம்.

கோடையில் மாதக்கணக்கில் அசையாதிருந்தால் வால்வு இறுகிப்போவதும் உண்டு. ஆகவே இப்போது மகன் கோடையிலும் மாதம் ஒருமுறை இரு மண்டலங்களையும் சிறிது நேரம் ஓடவிடுகிறான். அலமாரியில் எந்த வால்வு எதற்கென்று குழப்பம் நேராதபடி, ‘மேல்’, ‘கீழ்’ என்று மருமகள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.