உலர்த்தலில் தீர்மானமாகும் படம்

கோப்பித் துருப் பங்கசின் வித்திக்கு முதுகில் முள், வயிற்றில் வழவழப்பு. 1869இல் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட இலைகளைப் பார்த்துப் பெர்க்லியும் புரூமும் இந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். 1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்ட் பேராதனையில் ஒளி நுணுக்குக்காட்டியைக் கொண்டே இதன் வாழ்வை ஆராய்ந்தார். ஹேவாஹெட்டவில் கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெங்கும் பரவ இந்த வித்தியே வழிவிட்டது.

ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லை சுமார் 200 நானோமீற்றர். அதைவிட நெருங்கிய இரு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். 100 கிலோவோல்ற்றில் விரையும் இலத்திரனின் அலைநீளமோ 0.0037 நானோமீற்றர். காந்தவில்லைகளின் குறையால் அந்த நுட்பம் முழுதும் கைக்கு வராது. ஆயினும் வழக்கமான ஊடுகடத்தும் வகை இலத்திரன் நுணுக்குக்காட்டி 0.2 நானோமீற்றர் வரை பிரித்துக் காட்டும். 1931இல் நோலும் ருஸ்காவும் தொடக்கிய வேலை இது. ருஸ்காவுக்கு நோபல் பரிசு 1986இல்தான் வந்தது. அலகிடும் வகை, கற்றையால் மேற்பரப்பை வரிவரியாகத் தடவி, அங்கிருந்து கிளம்பும் இலத்திரன்களைக் கொண்டு படம் தரும். மேடும் பள்ளமும் ஒருசேரக் கூர்மையாக விழும். இலைவாயிலிருந்து வித்திகள் கொத்தாக எழுந்து நிற்பதை இவ்வளவு துலக்கமாக வேறெதுவும் காட்டாது.

ஆனால் வழக்கமான கருவிக்குள் வெற்றிடம். ஈரம் அங்கே ஆகாது. உயிருள்ளதைப் பார்க்க வழியில்லை. நீரை எடுக்க வேண்டும், உருவமும் குலையக்கூடாது. இலையைப் பறித்த இடத்திலேயே குளூட்டரல்டிகைட்டில் இட வேண்டும்; ஹேவாஹெட்டவிலிருந்து பஸ்ஸில் கண்டி வந்து சேர்வதற்குள் இலை வாடிவிடும். அடுத்து ஒசுமியம். அதன்பின் எதனோல்: 30, 50, 70, 90, 100 சதவீதம், எந்தப் படியிலும் அவசரம் கூடாது. கடைசியில் எதனோலை அகற்றித் திரவக் காபனீரொட்சைட்டை நிரப்பி, 31 பாகை செல்சியசையும் 73 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டச் செய்தால், திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான பரப்பே மறையும். பரப்பு இல்லாவிட்டால் கலத்தை இழுத்து நசுக்கும் விசையும் இல்லை. வித்தி உப்பியபடியே உலரும்.

இன்று இந்த உலர்த்தும் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்திரிகைத் தாளில் வைத்து உலர்த்திய இலைக்குத் தங்கம் பூசி, உடனே படம் எடுக்கிறார்கள். வித்தி முந்திரிகை வற்றலாகச் சுருங்கி விழுகிறது. அந்தச் சுருக்கம் பங்கசின் இயல்பென்றே ஆய்வறிக்கையில் ஏறிவிடுவது வேதனை. நாட்கணக்கில் நின்று மாதிரியைத் தயாரித்தவரின் பெயரோ நன்றியுரையில்கூட இடம்பெறுவதில்லை.

மற்றக் குறைகள் தெரிந்தவையே. தங்கப் பூச்சு போதாவிட்டால் மின்னேற்றம் தேங்கி வெள்ளை பூக்கும். கற்றை அதிகமானால் மாதிரி கருகும். ஊடுகடத்தும் வகைக்கு 60 முதல் 90 நானோமீற்றர் தடிப்பில் சீவ வேண்டும். ஒரு சீவல் ஒரு தளத்தை மட்டுமே காட்டும். நிறமும் கிடையாது. துருவின் செம்மஞ்சள் சாம்பலாகவே தெரியும். நூல்களில் காணும் வண்ணம் பின்னர் தீட்டியது.

உருப்பெருக்கமும் அளவுகோலும் எல்லாப் படங்களிலும் அச்சாகின்றன. மாதிரி எந்த முறையில் உலர்த்தப்பட்டது என்பதும் அதே இடத்தில் எழுதப்பட வேண்டும். எழுதப்படாத படத்தைச் சான்றாக எந்தப் பரிசோதகரும் ஏற்கக்கூடாது.