படிவத்தில் இல்லாத தம்பி

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அமெரிக்க அரசுக்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தில் அவன் பெயர் இல்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன்.

மேரிலாந்தில், பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியியலாளனாக இருந்தேன். அடுத்த படிக்குப் போக, இரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதியான கிளியரன்ஸ் தேவைப்பட்டது. அதற்கு எஸ்.எஃப்.86 என்ற நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். அதன் 18ஆம் பகுதி உறவினருக்கானது. பெற்றோர், கூடப்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் கேட்கும். எந்த நாட்டுப் பிரசை, எவ்வளவு அடிக்கடி தொடர்பு என்றும் கேட்கும்.

அம்மாவை எழுதினேன். அப்பாவின் காணியை எழுதினேன். இலங்கையின் இரட்டைக் குடியுரிமையையும் அந்தக் கடவுச்சீட்டையும் எழுதினேன். இவற்றை எழுதப் பயமிருக்கவில்லை. கிளியரன்ஸ் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டல்களை வாசித்திருந்தேன். இரட்டைக் குடியுரிமை இருப்பதால் மட்டும் தகுதி போகாது. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருப்பதும் குற்றமல்ல. அவர்களை வைத்து யாராவது என்னை நெருக்க முடியுமா, எந்த நாட்டில் இருக்கிறார்கள், எனக்கு இங்கே எவ்வளவு ஆழமான வேர் இருக்கிறது என்பதையே பார்ப்பார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும் தம்பியிடம் வந்தபோது கை நின்றுவிட்டது.

2008இல், வன்னியில் விடுதலைப் புலிகள் இயக்கம் வீடு வீடாக ஆள் பிடித்த காலத்தில், அவனையும் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடப் பெடியன். போர் முடிந்ததும் சரணடைந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்து வெளியே வந்தான். விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் இருக்கிறார்கள். அவனுடைய கதையை எழுதினால் என் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும் என்று எண்ணினேன்.

பொய் அதோடு நிற்கவில்லை. அவன் தொலைபேசி எடுத்தால் பதில் சொல்லாமல் விட்டேன். தொடர்பே இல்லை என்று ஆகிவிட்டால் பொய் சிறுத்துவிடும் என்று ஒரு கணக்கு. அம்மா அவனுக்கு, "அண்ணாவுக்கு வேலை கூட" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தா.

நேர்காணலில் விசாரணை அதிகாரி கேட்டார், வேறு சகோதரர் உண்டா என்று. இல்லை என்றேன். பிறகு ஒரு தாளைக் காட்டினார். அம்மாவை இங்கே அழைப்பதற்காக முன்பு நான் கொடுத்த விண்ணப்பம். அம்மாவின் பிள்ளைகள் என்ற இடத்தில் என் கையெழுத்திலேயே தம்பியின் பெயர். அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். கேட்டு மடக்குவதற்கு முன்னே தானாகத் திருத்திக்கொண்டால் அது சாதகமாகக் கொள்ளப்படும் என்று விதியில் இருக்கிறது. எனக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது.

குற்றச்சாட்டுகளை எழுதி அனுப்பினார்கள். பதில் கொடுத்து, நீதிபதி முன் விசாரணையும் நடந்தது. வெளிநாட்டு உறவுகள் பற்றிய பகுதியில், தம்பி உட்பட எல்லாவற்றிலும், முடிவு எனக்குச் சாதகமாக வந்தது. பிள்ளைப் பருவத்தில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவன், இன்று எந்த அமைப்போடும் தொடர்பில்லாதவன் என்று தீர்ப்பு சொன்னது. பொய் சொன்னதைப் பார்க்கும் தனிப்பட்ட நடத்தை என்ற பகுதியில் தோற்றேன். கிளியரன்ஸ் மறுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பில் பிழையில்லை.

தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னைப் பற்றி எழுதியிருந்தாத் தந்திருப்பினமோ?"

"ஓம், தந்திருப்பினம்."

"அப்ப ஏன் அண்ணா எழுதேல்லை?"

பயந்துவிட்டேன் என்றேன். அது பாதிதான் உண்மை. கூட வேலை செய்தவர்கள் ஊரைப் பற்றி விசாரித்தபோதெல்லாம் எனக்குத் தம்பி இருப்பதை நான் சொன்னதேயில்லை. அங்கே எந்தப் படிவமும் இருக்கவில்லை. அவனை நினைத்து வெட்கப்பட்டேன். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.