கண்ணாடியா, ஸ்டிக்கரா? உம்மாவின் யன்னலில் நாங்கள் படித்த பாடம்



எங்கள் வீட்டு யன்னலை மாற்றிய நாளிலிருந்து பாடசாலையிலும் கல்யாண வீடுகளிலும் ஒரே கேள்விதான். "டீச்சர், மங்கல் கண்ணாடி நல்லமா, ஸ்டிக்கர் நல்லமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டோம். எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

எங்கட ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஒரு வளவை மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிரித்து, மூன்று வீடு கட்டி, மிச்சம் இருப்பது ஆள் ஒருவர் பக்கவாட்டில் நடக்கும் ஒழுங்கைதான். நிலம் முடிந்தால் மாடிதான் வழி. போன வருடம் பக்கத்து வீட்டாரும் தங்கள் இளைய மகளுக்காக மேல்மாடி எழுப்பினார்கள். அந்த மாடியின் யன்னல் எங்கள் உம்மாவின் அறை யன்னலுக்கு நேரே வந்து நின்றது. இடையில் எட்டடி கூட இல்லை.

உம்மா அந்த யன்னலடியில்தான் முப்பது வருடமாகத் தலைவாருவார். ளுஹர் தொழுதுவிட்டு அங்கேயேதான் சாய்ந்து கிடப்பார். மேலே யன்னல் வந்த நாளிலிருந்து சொந்த அறைக்குள் முக்காட்டோடு இருக்கத் தொடங்கினார். யன்னலைச் சாத்தித் தடித்த திரையும் போட்டார். அது கச்சான் காற்று வீசும் காலம். அறை அடுப்பங்கரை போல ஆகிவிட்டது. உடம்பெல்லாம் வேர்க்குரு. "எனக்கென்ன மகள், வயசு போன மனிசி" என்று சொல்லிக்கொண்டு முக்காட்டை மட்டும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டாரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும் வைத்துக்கொண்டோம். குடிபுகும் நாளில் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். பாடசாலையில் வேலை என்று சொல்லிப் போகாமல் விட்டோம். உண்மையில் அன்று எங்களுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

பிறகு கடைக்குப் போனோம். "மிரர் ஸ்டிக்கர் ஒட்டுங்க சேர். உள்ளே இருந்து வெளியே தெரியும், வெளியே இருந்து உள்ளே தெரியாது" என்றார் கடைக்காரர். விலையும் குறைவு. வாங்கி வந்து நாங்களே ஒட்டினோம். கண்ணாடியைச் சுத்தமாகக் கழுவி, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஸ்டிக்கரை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் காற்றையும் தண்ணீரையும் எடுத்தோம். வெளியே போய்ப் பார்த்தால் எங்கள் முகம்தான் தெரிந்தது. உம்மாவுக்கும் சந்தோசம். திரையைக் கழற்றிக் கழுவி மடித்து வைத்துவிட்டார்.

மூன்று கிழமை கழிந்தது. ஒருநாள் மக்ரிபுக்குப் பிறகு, தண்ணீர் பைப்பை மூட எங்களில் ஒருவர் அந்த ஒழுங்கைக்குள் போனோம். தலையை நிமிர்த்தினால் உம்மாவின் அறை சினிமாத் திரை போலப் பளிச்சென்று தெரிகிறது. உள்ளே லைட் எரிகிறது. உம்மா முக்காடில்லாமல் தலையை அவிழ்த்துப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். எங்களில் ஒருவர் படிப்பிப்பது விஞ்ஞானம். வெட்கக்கேடு.

அந்த ஸ்டிக்கருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று ஒன்றும் தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம் கூடவோ, அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இருட்டில் நிற்பவருக்கு அது வெறும் கண்ணாடி. பகலில் வெயில் வெளியே, அதனால் நாம் மறைந்திருப்போம். இரவில் லைட் உள்ளே, அதனால் கதை தலைகீழ். "ஒருபக்கம் மட்டும் தெரியும்" என்று யார் சொன்னாலும், "இரவிலுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்றிரவே திரை திரும்பவும் ஏறியது. உம்மாவுக்குக் காரணம் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் ஒழுங்காக விசாரித்தோம். விசாரித்ததும், செய்து பார்த்ததும் இவைதான்.

பால் போல மங்கலாக இருக்கும் ஸ்டிக்கர் இரவிலும் பகலிலும் மறைக்கும். ஏற்கனவே இருக்கும் கண்ணாடியில் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் கழற்றலாம். வாடகை வீட்டுக்கு இதுதான் தோது. ஆனால் கண்ணாடி வழுவழுப்பாக இருக்க வேண்டும். பூப்போட்ட கண்ணாடியில் பிடிக்காது. ஈரம் கூடிய குளியலறையில் ஓரம் கிளம்பும். மலிவான ஸ்டிக்கர் வெயிலில் கிடந்து குமிழ் போடும். சுரண்டித் தேய்த்தால் கீறல் விழும்.

மங்கல் கண்ணாடிக்குச் செலவு அதிகம். பழைய கண்ணாடியைக் கழற்ற வேண்டும், அளவெடுத்து வெட்ட வேண்டும். போட்டால் உரியாது, குமிழ் போடாது. ஒரு விசயம் மட்டும் கவனியுங்கள். அதன் சொரசொரப்பான பக்கம் நனைந்தால் மங்கல் குறைந்து உள்ளே தெரியத் தொடங்கும். எண்ணெய்க் கையும் அதில் பிடித்துக்கொள்ளும். குளியலறையில் வழுவழுப்பான பக்கம் தண்ணீர் படும் பக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டுமே நிழலை மறைக்காது. முதுகுக்குப் பின்னால் லைட்டை வைத்துக்கொண்டு கண்ணாடியை ஒட்டி நின்றால் ஆளின் உருவம் அப்படியே விழும். இரண்டும் வேலை செய்வது யன்னல் சாத்தியிருக்கும்போது மட்டும்தான். இதை உம்மாதான் எங்களுக்குச் சொன்னார். "கண்ணாடி என்ன கண்ணாடி மகள், எனக்குக் காத்து வரணும்."

அலுமினியம் வேலை செய்யும் தம்பி ஒரு யோசனை சொன்னார். மங்கல் கண்ணாடியில் லூவர் போடலாம், பட்டிகள் வெளிப்பக்கமாகக் கீழே சாய்ந்திருக்கும். பாதி திறந்தாலும் மேலிருந்து வரும் பார்வையைப் பட்டி தடுக்கும், இடைவெளியால் காற்று வரும். வேலைக்குப் பக்கத்து வீட்டு வளவில் ஏணி வைக்க வேண்டும். அனுமதி கேட்காமல் முடியாது. மனமில்லாமல்தான் போனோம்.

பக்கத்து வீட்டு ராத்தா எங்களை நேரே மேல்மாடிக்குக் கூட்டிப் போனார். அந்த யன்னலைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கதவையும் இறுக்கிச் சாத்தி, அதன் மேல் படுக்கை விரிப்பு ஒன்றை மேலும் கீழும் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அறைக்குள் எங்கள் உம்மாவின் அறையை விடச் சூடு. புதிதாகக் கல்யாணம் முடித்த பிள்ளைகள் அதற்குள்தான் படுக்கிறார்கள்.

அந்தத் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "டீச்சர், ஒருநாள் இரவு உம்மும்மாவக் கண்டுட்டன். தலைல முக்காடு இல்ல. ஒங்களுக்கு எப்படிச் செல்ற என்டு வெக்கமா இருந்திச்சி. அன்டைக்கே இவரக் கொண்டு அடிப்பிச்சிட்டன்."

மூன்று கிழமை. நாங்கள் அவர்களோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்த நாட்களில், எங்கள் உம்மாவின் மானத்தை அந்தப் பிள்ளைகள் தங்கள் காற்றை அடைத்துக் காத்திருக்கிறார்கள். சூரா அந்நூரின் 30ஆம் வசனத்தில் பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் கட்டளை முதலில் ஆண்களுக்கும், அடுத்த வசனத்தில் பெண்களுக்கும் வருகிறது. நாங்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த வீட்டில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். குடிபுகும் நாளில் வராததற்கு அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டோம். ராத்தா பழைய கதை எதற்கு என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

பிறகு எல்லோருமாக நின்று பார்வை போகும் கோட்டை அளந்தோம். மாடி அறைக்குள் நிற்பவர் கீழே பார்த்தால், அந்தப் பார்வை தன் யன்னலின் கீழ்ப் பாதியால்தான் வெளியே போகிறது. அதனால் அவர்கள் கீழ்ப் பாதிக்கு மட்டும் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டி அந்தப் பாதியைச் சாத்தி வைத்தால் போதும். மேல் பாதியைத் திறந்து வைக்கலாம். கீழே எங்களுக்கோ மாடிப் பார்வை யன்னலின் மேல் பாதியாலும் இறங்கி வரும், அதனால் முழுவதும் மறைக்க வேண்டும். அன்றே விரிப்பின் ஆணிகள் கழன்றன. ஸ்டிக்கருக்கு நாங்கள் பணம் கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. வட்டிலப்பம் அனுப்பினோம், அதை வாங்கினார்கள்.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது உம்மாவின் அறைக்கு மங்கல் கண்ணாடி லூவர், குளியலறைக்கு மங்கல் கண்ணாடி, தெருப்பக்க ஹோலுக்கு ஆள் உயரம் மட்டும் மங்கல் ஸ்டிக்கர். மிரர் ஸ்டிக்கரை உரித்து எறிந்துவிட்டோம். நீங்கள் எதைப் போட்டாலும், இரவில் உள்ளே எல்லா லைட்டையும் போட்டுவிட்டு வெளியே போய் ஒருமுறை பாருங்கள். பக்கத்து வீட்டு அனுமதியோடு மேலே ஏறியும் பாருங்கள்.

மாடி கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலை வைக்கும் முன் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் யன்னல் வைத்தால் உங்களுக்குத் தோது என்று கேளுங்கள். கீழே இருப்பவர்களும் எங்களைப் போல மனதுக்குள் வைத்துக்கொண்டு திரியாமல் போய்ச் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது உம்மா யன்னலடியில் இருக்கிறார். காற்று வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். மேல்மாடியிலிருந்து அந்தத் தங்கச்சி, "உம்மும்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறாள். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. உம்மாவும் இங்கிருந்தபடியே பதில் சொல்கிறார்.

உங்கள் துஆக்களில் எங்கள் இரண்டு வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.