சுவரில் இட்ட புள்ளி

அருவ ஓவியம் என்று கூறப்படும் நவீன சித்திரங்களைக் காணும்போது நம்மவருட் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றே. "இது என்ன?" என்பதே அது. மரத்தை மரமாகவும் மயிலை மயிலாகவும் தீட்டியிருந்தால் இக்கேள்விக்கு இடமில்லை. வட்டமும் முக்கோணமும் கோடுகளுமே படமாக அமைந்துவிடின் காண்போர் உள்ளம் மருளுகின்றது. சிலர் நகைத்தும் விடுகின்றனர். நான் சித்திரக் கலையை முறையாகக் கற்றவனல்லேன். தமிழும் இலக்கணமும் கற்பிப்பதே என் தொழில். ஆயினும், "இது என்ன?" என்று கேட்பதினும் "இதனை ஒருவர் ஏன் வரைந்தார்?" என்று கேட்பதே பயனுடையது என்பது என் கருத்து. என்னை அவ்வாறு கேட்கத் தூண்டியவர் சையத் ஹைதர் ரசா என்னும் இந்திய ஓவியர். அவர் கதையில் ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆசிரியரும் வருகின்றமையால், இம்மலருக்கு அது புறம்பானதன்று.

ரசா 1922 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாள் மத்திய இந்தியாவில் பாபரியா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வன இலாகா உத்தியோகத்தர். நருமதை பாயும் அந்நாட்டில் எங்கும் அடர்ந்த காடு. இராக்காலத்தில் அக்காடு சிறுவர்க்குப் பேரச்சம் ஊட்டும். கோண்டு மக்களின் ஆடலே மனிதர் அருகில் உள்ளனர் என்னும் ஆறுதலைத் தரும். விடிந்ததும் அச்சம் நீங்கும். சந்தை நாளில் ஊரெங்கும் நிறங்கள் பொலியும். இருளிலிருந்து ஒளி தோன்றிய அவ்வனுபவத்தை அவர் முதுமை வரை மறந்தாரில்லை.

பாடசாலையிலோ அவர் மனம் ஒருநிலைப்படாத மாணவர். தலைமையாசிரியர் நந்தலால் ஜாரியா ஒரு நாள் விறாந்தையின் வெண்சுவரில் ஒரு புள்ளியை இட்டார். வேறெதனையும் எண்ணாது அதனையே நோக்குமாறு சிறுவனைப் பணித்தார். சிறுவனும் நோக்கினான். நிகழ்ந்தது அவ்வளவே.

அச்சிறுவன் வளர்ந்தவுடன் புள்ளியை வரையத் தொடங்கினான் என்று எண்ணற்க. இடையே நெடும்பயணம் ஒன்று உண்டு. நாகபுரியிலும் பம்பாயிலும் சித்திரம் பயின்ற ரசா, 1947 இற் சூசா, ஹுசேன் முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவில் இணைந்தார். நாடு பிரிந்தபோது உடன்பிறந்தார் பாகிஸ்தான் சென்றனர், இவர் தங்கிவிட்டார். 1948 இற் காசுமீரத்தில் அவர் படங்களைக் கண்ட பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன், திறமை உளதாயினும் கட்டமைப்பு இல்லை என்றும், செசான் என்னும் ஓவியரை ஆராயவேண்டும் என்றும் கூறினார். அச்சொல் அவர் மனத்திற் பதிந்தது. 1950 இற் புலமைப்பரிசில் பெற்றுப் பாரிசு சென்றார். 1956 இல் அந்நகரின் விமரிசகர் பரிசையும் பெற்றார். வீடுகளும் ஆலயக் கோபுரங்களும் நிறைந்த நிலக்காட்சிகளையே அந்நாளில் வரைந்தார். 1962 இற் கலிபோர்னியாவிற் கற்பிக்கச் சென்றவிடத்து மார்க் றொத்கோ என்பவரின் வண்ணப்பரப்புக்களைக் கண்டார். அதன்பின் அவர் படங்களிலிருந்து வீடும் மரமும் படிப்படியாகக் கரைய, நிறமே எஞ்சிநின்றது.

பிறர் இந்நிலையில் மனநிறைவு அடைந்திருப்பர். ரசாவுக்கோ புகழ் வந்த பின்னரே பெருவினா எழுந்தது. கை தேர்ந்துவிட்டது, ஆனால் இப்படங்களில் தாம் பிறந்த மண் எங்கே? கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலருக்கும் இவ்வினா புதிதன்று. எழுபதுகளில் அவர் அசந்தா, எல்லோரா, காசி, இராசத்தானம் என மீண்டும் மீண்டும் இந்தியாவைச் சுற்றினார். 1980 ஐ ஒட்டிய காலத்தில், அறுபது வயதை அணுகிய அவரது திரையிற் பெரிய கறுத்த வட்டம் ஒன்று தோன்றியது. அதற்குப் 'பிந்து' எனப் பெயரிட்டார். சிற்றூர்ச் சுவரில் ஆசிரியர் இட்ட புள்ளியையே அதன் தொடக்கமாக அவர் கூறினார்.

கருமை அவருக்கு வெறுமையன்று; நிறங்களுக்கெல்லாம் தாய். அதிலிருந்தே மஞ்சளும் சிவப்பும் நீலமும் வெள்ளையும் ஐம்பூதங்களாய் விரியக் கண்டார். வட்டத்தைச் சூழச் சதுரத்தையும் முக்கோணத்தையும் அளவறிந்து அமைத்தார். செபமாலையை உருட்டுவார் போல ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்வதனால் உள்ளம் விழிப்புறும் என்பது அவர் கொள்கை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே வரைந்தார். பிற்காலப் படங்கள் ஒன்றையொன்று ஒத்துள்ளன என்று குறை கூறினாரும் உளர். நான் அவற்றை நூல்களில் அச்சாகியவாறே கண்டவன். அக்குறையை முற்றாக மறுக்கத் துணியேன். எனினும், நாள்தோறும் ஒரே பாட்டை ஓதுவார்க்கு எல்லா நாளும் ஒரே பயன் விளைவதில்லை. அதற்காக ஓதுதலை எவரும் விடுவதுமில்லை.

தமிழாசிரியனாகிய எனக்கு இப்புள்ளி வேறொன்றையும் நினைவூட்டுகின்றது. நம் மொழியில் மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. 'க' என்பதன்மேல் ஒரு புள்ளி இட்டால் அகர ஒலி அடங்கி மெய் மட்டுமே நிற்கும். ஆயினும் அது மாண்டுபோவதில்லை. தன்மேல் ஊர்ந்துவரும் உயிரை எதிர்நோக்கி நிற்கும். உயிர் வந்து கூடியதும் புள்ளி மறைய, எழுத்து ஒலிக்கும். அத்தலைமையாசிரியர் இட்ட புள்ளியும் இத்தகையதே. அலைந்த மனத்தை அது அன்று அடக்கியது. அரை நூற்றாண்டு காத்திருந்து பின்னர் ஒலித்தது.

இக்கதையை எட்டாம் வகுப்பில் ஒரு முறை கூறினேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்த வாத்தியார் ஏன் அவனுக்கு அடிக்கேல்லை?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஓவியம் பற்றி அறிஞர் எழுதியன சிலவற்றை நான் படித்துள்ளேன். இவ்வினாவைப் போல் அவை என் நெஞ்சைத் தைக்கவில்லை. அலையும் மனம் குற்றமன்று, சிதறிக் கிடக்கும் ஆற்றலே அது என அவ்வாசிரியர் கண்டிருக்கவேண்டும் என்று விடையிறுத்தேன். இன்றும் என் விடை அதுவே. பிரம்பு பட்ட இடத்தை நோக்கும் மனம் நோவையே காணும். புள்ளியை நோக்கிய மனம் தன்னைக் கண்டது.

பரீட்சைப் பெறுபேறு எதிலும் இத்தகைய கற்பித்தலுக்குப் புள்ளி வழங்கப்படுவதில்லை. அந்நாளில் எவரேனும் மேற்பார்வைக்கு வந்திருப்பின், பாடம் நடத்தாது பிள்ளையைச் சுவர் பார்க்க வைத்தார் என்றே எழுதிச் சென்றிருப்பர். ரசா 2016 யூலை 23 இல் தமது தொண்ணூற்று நான்காம் வயதிற் காலமானார். நருமதைக் கரையிலுள்ள மண்டுலாவில் தந்தையாரின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். அந்தக் கிராமத்து ஆசிரியரை இன்று நாம் அறிவது, மாணவர் மறவாது சொல்லிவந்தமையாலேயே.

யூபிலி கொண்டாடும் பழைய மாணவர்களே! கட்டடங்களையும் வெற்றிக் கேடயங்களையும் இம்மலரின் பிற பக்கங்கள் எண்ணிக் காட்டும். உங்கள் உள்ளச் சுவரில் எவரேனும் இட்ட புள்ளி இன்னும் அழியாதிருப்பின், அதனை எண்ணிக்கொள்ளவேண்டியவர் நீங்களே. அதனை இட்டவர் உயிரோடிருப்பின், விழா முடிந்து ஊர் திரும்புமுன் அவர் வீட்டுப் படலையைத் திறந்து சென்று சொல்லிவிடுங்கள். அவர் அதனை மறந்திருக்கக்கூடும், ஆயினும் சொல்லுங்கள்.