துருவும் ஒரு பழைய ஹெரால்டும்

குருத்துவ வெள்ளிவிழாவின்போது பங்கு மக்கள் என் கையில் ஒரு பணமுடிப்பைத் தந்தார்கள். "சாமி, இதைக் கோயில் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், உங்களுக்கென்று ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்ன வாங்குவதென்று நான் யோசிக்கவேயில்லை. அந்த ஆசை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்னுள் இருந்தது. எனக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வேண்டும்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். அரூருக்கு அப்பால் எங்கள் சிற்றூரில் ஓர் இரவு அப்பாவுக்கு மார்வலி கண்டது. பேருந்து இல்லாத நேரம். அம்மா பங்குத்தந்தைக்கு ஆளனுப்பினார். சற்று நேரத்தில் அவருடைய வெளிர்நீல ஹெரால்டு எங்கள் தெருவில் வந்து நின்றது. அவர் அப்பாவுக்கு நோயில்பூசுதல் வழங்கினார். பிறகு பின்னிருக்கையில் அவரைச் சாய்த்து அமர்த்தி, தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வண்டியை ஓட்டினார். முன்னிருக்கையில் நான். சாலையோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக விளக்கொளிக்குள் வந்து மறைந்தன. பின்னால் அம்மா செபமாலை சொல்ல, அவர் வண்டியை ஓட்டியபடியே மறுமொழி சொல்லிவந்தார். அதன்பின் அப்பா பதினோராண்டுகள் உயிரோடிருந்தார். நான் ஏன் குருவானேன் என்று கேட்பவர்களுக்கு இறையழைத்தல் பற்றிய இறையியலை எடுத்துச் சொல்கிறேன். என் உள்ளம் அறிந்த காரணம் அந்தப் பயணமே.

அந்தக் காருக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு வெளிவந்தது. வடிவமைத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அடிச்சட்டம் தனி, அதன்மேல் பொருத்திய உடல் தனி. முன்பகுதி முழுவதும், சக்கரங்களின் மேல்மூடியோடு சேர்ந்து, முன்னோக்கித் திறக்கும். அந்த அடிச்சட்டத்தையே குறுக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள். அதன் உடன்பிறப்பான ஹெரால்டைச் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில் உற்பத்தி செய்தது. பின்னர் நான்கு கதவுகளோடும் செய்தது. 1970-களில் கெசல் என்ற பெயரோடு அந்த வரிசை முடிந்தது.

சேலத்தில் ஒருவரிடம் ஒரு ஹெரால்டு விற்பனைக்கு இருப்பதாக அறிந்து, எங்கள் பங்கைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு தொப்பூர்க் கணவாய் வழியே சென்றேன். கார் வெளிர்நீலத்தில் பளபளத்தது. என் நெஞ்சு படபடத்தது. பேரம் பேசாமலே வாங்கிவிடும் மனநிலையில் இருந்தேன்.

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார். கதவில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. கதவுக்குக் கீழே வைத்தார்; விழுந்தது. சற்றுத் தள்ளி வைத்தார், அங்கும் விழுந்தது. "இங்கே தகரமே இல்லை சாமி. வெறும் பட்டி. அதுமேல பெயின்ட்டு" என்றார். பிறகு தரையில் படுத்து, அடிச்சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். திருப்புளி உள்ளே இறங்கியது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எதுக்கு சாமி இந்த வண்டி?"

என்னிடம் விடையில்லை. ஐம்பதாண்டுகளைக் கடந்த கார்களைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. நோயாளியின் வீட்டுக்கு நள்ளிரவில் விரைந்த ஒரு வண்டியை, எங்கும் விரையாத காட்சிப் பொருளாகக் கொட்டகையில் நிறுத்தவா நான் புறப்பட்டேன்?

வெறுங்கையோடு திரும்பினேன். இதைத் துறவென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மறைமாவட்டக் குருக்களாகிய நாங்கள் துறவியரைப்போல் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. ஆனால் எளிய வாழ்வை வளர்க்கவும் வீண்பகட்டை விலக்கவும் திருச்சபைச் சட்டம் 282 எங்களைப் பணிக்கிறது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வெழுதியவன் நான். அன்று அது என் நினைவுக்கே வரவில்லை. அடிச்சட்டம் உறுதியாக இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். மண்ணுலகில் சேர்க்கும் செல்வத்தைத் துரு அழிக்கும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்தார். எனக்கோ அந்தத் துருவே நன்மை செய்தது. என் படிப்பு செய்யாததை அது செய்தது.

பழைய காரை விரும்புவதே தவறென்று நான் சொல்லவில்லை. 2013-இல் இத்தாலியக் குரு ஒருவர், தம் பங்குப் பணியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய 1984-ஆம் ஆண்டு ரெனால்ட் 4 காரைத் திருத்தந்தை பிரான்சிசுக்குப் பரிசளித்தார். அவரும் மகிழ்வோடு ஏற்றார். அந்தக் காரின் மதிப்பு அது ஓடிய ஓட்டத்தில் இருந்தது. நான் சேலத்தில் தேடியதும் காரை அன்று. அது வந்து நின்ற அந்த இரவை. அதை யாரும் விற்பதில்லை.

சில வாரங்களுக்குப்பின் ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. மலையடிவாரக் குடிசையொன்றில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். 108-க்குச் சொல்லியிருந்தார்கள்; வர நேரமாகும் என்றார்களாம். பங்கின் பழைய ஜீப்பில் புறப்பட்டேன். மருத்துவமனைக்குத் திரும்பி வரும்போது என் பக்கத்தில் அவருடைய மகன் அமர்ந்திருந்தான். எட்டு அல்லது ஒன்பது வயதிருக்கும். ஒன்றும் பேசாமல், விளக்கொளிக்குள் வந்து மறையும் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். இருக்கை கிழிந்த, கதவு சரியாக மூடாத அந்த ஜீப்பை அவன் ஒருநாள் தேடி அலைவானோ என்னவோ!